டிஸ்கஸ் மீன் வைக்கறதுன்னா குறைஞ்சது ஆறு வைங்க, இடம் இல்லன்னா விட்டுடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வீட்டு மீன்தொட்டி பத்தி வந்த கட்டுரையை படிச்சேன், படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா டிஸ்கஸ் மீனைப் பத்தி சொன்ன இடத்துல, இடம் கம்மியா இருக்கறவங்க ரெண்டடி டேங்க்ல ஒரு ஜோடி மட்டும் வெச்சுக்கலாம்னு ஒரு வரி வந்திருக்கு பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எழுதினவர் நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காரு, டேங்க்ல மீனைப் போட்டு அடைக்காதீங்க, கொஞ்சமா வைங்கன்னு சொல்ல வந்திருக்காரு, மத்த பல மீனுக்கு அது சரியான பேச்சுதான். டிஸ்கஸுக்கு அது பொருந்தாது. இந்த மீனுக்கு எண்ணிக்கையில மேல ஒரு வரம்பு இருக்கற மாதிரியே கீழயும் ஒரு வரம்பு இருக்கு. ரெண்டு மீன் வெச்சா மீனுக்கு நிம்மதின்னு நெனைச்சு வாங்கறவங்க வீட்டுலதான் அதுல ஒண்ணு மூலையில கறுத்துப்போய் நின்னு நின்னு கடைசியில செத்துப்போகுது, இதை நான் பல வீட்டுல பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வளர்ந்த டிஸ்கஸ் ஆறு மீனுக்கு இடமும், தண்ணி மாத்த நேரமும் இருந்தா வைங்க. இல்லன்னா டிஸ்கஸே வேண்டாம், அந்த டேங்குக்கு ஏத்த மீன் எவ்வளவோ இருக்கு. நடுவுல ரெண்டு, மூணுன்னு ஒரு சமாதானம் இந்த மீன்கிட்ட செல்லாது.

ஏன் இப்படி சொல்றேன்னா, டிஸ்கஸ் அமேசான் ஆத்துப் படுகையில இருந்து வந்த மீன், 1840ல ஹெக்கல்ங்கற ஆஸ்திரிய விஞ்ஞானி முதல்முதலா இதுக்கு அறிவியல் பேரு வெச்சாரு, இன்னிக்கும் ஒரு வகைக்கு ஹெக்கல் டிஸ்கஸ்னுதான் பேரு. அங்க ஆத்தோரம், ஏரியோரம் தண்ணிக்குள்ள சாஞ்சு கெடக்கற மரக்கிளைகளுக்கு நடுவுல கூட்டமா வாழும். சிக்லிட் குடும்பத்து மீன் இது, சிக்லிட்னாலே கொஞ்சம் சண்டை குணம், இடம் பிடிக்கற குணம் இருக்கும், பாக்கறதுக்கு சாதுவா தட்டு மாதிரி வட்டமா மெதுவா நீந்தறதால இதுக்கு அந்த குணம் இல்லன்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க. இருக்கு. நல்லாவே இருக்கு. ஆனா கூட்டம் பெருசா இருந்தா அது வெளிய தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

தீனி போடற நேரத்துல டேங்க் முன்னாடி உக்காந்து ஒரு அஞ்சு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. ஃப்ரோஸன் பிளட்வோர்ம், அதாவது உறைய வெச்ச சிவப்புப் புழு, ஒரு துண்டு போட்டதும் கூட்டத்துல பெரிய மீன் முதல்ல வரும், வாயை மணல் பக்கம் வெச்சு ஃபூன்னு தண்ணியை ஊதும், உள்ள ஒளிஞ்ச புழு மேல எழும்பும், லபக்குன்னு எடுத்துக்கும். பக்கத்துல இன்னொண்ணு வந்தா உடம்பை லேசா சாச்சு நெத்தியால ஒரு இடி. இடி வாங்கினது தனக்குக் கீழ இருக்கறதை இடிக்கும், அது அடுத்ததை. இப்படி படிப்படியா ஒரு வரிசை இருக்கும், இந்த வரிசை அடிக்கடி மாறவும் செய்யும். ஆறு மீன் இருக்கற டேங்க்ல பெரிய மீனோட கோவம் அஞ்சு மீன் மேல பிரிஞ்சு போகும், ஒருத்தரை துரத்திட்டு இருக்கும்போது இன்னொருத்தர் வந்து சாப்பிட்டுட்டு போயிடுவாரு, யாருக்கும் பெருசா அடி இல்லை, எல்லாருக்கும் வயிறு நிறையும்.

இப்ப ரெண்டே மீன் இருக்கற டேங்கை நெனைச்சுப் பாருங்க. அந்த இடி மொத்தமும் ஒரே மீனுக்கு, காலையில இருந்து ராத்திரி லைட் அணையற வரைக்கும். அது சாப்பாட்டு பக்கம் வர பயந்து ஹீட்டர் பக்கத்துலயோ ஃபில்டர் பைப் பின்னாலயோ தலையைக் கீழ சாச்சு நிக்கும், துடுப்பை ஒடுக்கிக்கும், உடம்புல குறுக்குப் பட்டை கறுப்பா தூக்கலா தெரியும். பிஜியன் பிளட் மாதிரி சில ரகத்துல அந்த பட்டை வெளிய தெரியாது, அதனால நிறத்தை மட்டும் நம்பாதீங்க, அது எங்க நிக்குது, சாப்பிட முன்னால வருதான்னு பாருங்க. கொஞ்ச நாள்ல நெத்தி ஒட்டி முதுகுப்பக்கம் கத்தி மாதிரி மெலிஞ்சு போகும், வெள்ளையா நூல் மாதிரி கழிவு போகும், அப்பதான் வீட்டுக்காரர் மருந்து தேட ஆரம்பிப்பாரு. நோய் வந்துச்சு, மருந்து ஊத்தினேன், கேக்கலன்னு சொல்லுவாரு. வயித்துல ஒட்டுண்ணி இருந்திருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அது தலை தூக்கினதுக்கே காரணம் நாள்பூரா இருந்த பயம்தான்.

மூணு வெச்சா பெரும்பாலும் ரெண்டு சேந்துக்கும், மூணாவது ஒதுங்கிடும். நாலு வெச்சு நல்லா போற டேங்கும் நான் பாத்திருக்கேன், மறுக்கல, ஆனா அதுல ஒண்ணு செத்துட்டா மறுபடி மூணுதான். அஞ்சு பரவாயில்லை. ஆறுன்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், ஒண்ணு போனாலும் கூட்டம் கூட்டமாவே இருக்கும்.

ஜோடிங்கற பேச்சையும் இங்கயே முடிச்சுடலாம். டிஸ்கஸ்ல ஆண் எது பெண் எதுன்னு வெளித்தோற்றத்தை வெச்சு உறுதியா சொல்ல முடியாது, பெரிய அனுபவசாலிங்களே முட்டை போடற நேரம் வரைக்கும் காத்திருந்துதான் சொல்லுவாங்க. அப்புறம் எந்த நம்பிக்கையில ரெண்டு சின்ன மீனை வாங்கிட்டு வந்து ஜோடின்னு சொல்றோம்? அது ஜோடி இல்லை, ரெண்டு மீன், அவ்வளவுதான். ரெண்டும் ஆணா இருந்தா நெலைமை இன்னும் மோசம். பிரீடிங் பண்றவங்க 45 சென்டிமீட்டர் கன சதுர டேங்க்ல, கீழ மணல்கூட இல்லாம, ஒரே ஒரு ஜோடியை வெச்சிருக்கற படம் நிறைய பேர் பாத்திருப்பீங்க, அதைப் பாத்துட்டுதான் இந்த ரெண்டு மீன் ஆசையே வருதுன்னு நெனைக்கறேன். அது வேற கதை. கூட்டத்துல வளந்து, தானா ஒண்ணை ஒண்ணு தேர்ந்தெடுத்து, முட்டை போட்டு, குஞ்சு வளத்துக் காட்டின ஜோடி அது, அதைக் குஞ்சு எடுக்கறதுக்காக மட்டும் தனியா வெச்சிருப்பாங்க, தண்ணியும் தினமும் மாத்துவாங்க.

சரி, கீழ் வரம்பு ஆறுன்னா மேல் வரம்பு என்ன? இதுக்கு மீன் வளக்கறவங்க மத்தியில ரொம்ப நாளா ஒரு கணக்கு இருக்கு, வளர்ந்த மீன் ஒண்ணுக்கு 10 கேலன், அதாவது கிட்டத்தட்ட 40 லிட்டர். இது சட்டம் இல்லை, ஆனா வீட்டுல வளக்கறவங்களுக்கு நல்ல அளவுகோல். இதுல ரெண்டு இடத்துல எல்லாரும் ஏமாந்துடறாங்க.

முதல் இடம், டேங்கோட அளவை எடுத்துக்கறாங்க, உள்ள இருக்கற தண்ணியை எடுத்துக்கறதில்லை. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 1000 ஆல வகுத்தா லிட்டர் வரும். ரெண்டடி டேங்க் 60, 30, 30ன்னா மொத்தமே 54 லிட்டர்தான், அதுல மேல விடற இடைவெளி, மணல், கட்டை எல்லாம் போனா 45 லிட்டர் தேறினா பெருசு, ஒரு மீனோட பங்குதான் அது. மூணடி டேங்க் 90, 45, 45ன்னு வெச்சுக்கிட்டா கணக்குல 182 வரும், தண்ணியா பாத்தா 150 பக்கம், மூணு மீன், இழுத்துப் பிடிச்சா நாலு. ஆறுக்கு எட்டல. நாலடி நீளம், அதாவது 120, அகலம் 45, உயரம் 60ன்னு போகும்போதுதான் மொத்தம் 324 லிட்டர் வருது, மேல 5 சென்டிமீட்டர் விட்டா 297, மணலும் கட்டையும் பிடிக்கற இடத்தைக் கழிச்சா 270 பக்கம் நிக்கும், ஆறு மீன் தாராளமா இருக்கலாம். அதனால டிஸ்கஸ் வைக்கணும்னு ஆசைப்பட்டா நாலடி டேங்க்ல இருந்துதான் பேச்சே ஆரம்பிக்குது. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோங்கறதையும் மறந்துடாதீங்க, கண்ணாடி, ஸ்டாண்டு, மணல் எல்லாம் சேந்தா 400 கிலோவைத் தொட்டுடும், தரையும் ஸ்டாண்டும் அதைத் தாங்குமான்னு பாத்துட்டு அப்புறம் மீனைப் பத்தி யோசிங்க.

ரெண்டாவது இடம்தான் ரொம்ப மோசமான இடம். வாங்கும்போது மீன் ரெண்டு இஞ்சு இருக்கும். நாலடி டேங்க்ல ஆறு குட்டி டிஸ்கஸ் விட்டா டேங்க் காலியா இருக்கற மாதிரியே தோணும், இன்னும் ஆறு போட்டாதான் நிறைவா இருக்கும்னு கை துறுதுறுக்கும். அந்த மீன் ஒழுங்கா வளந்தா ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துல ஆறு இஞ்சு ஆயிடும், சிலது ஏழும் தாண்டும். ரெண்டு இஞ்சு ஆறு இஞ்சு ஆனா மூணு மடங்குதானேன்னு நெனைக்காதீங்க, நீளம் மூணு மடங்கு, உயரமும் மூணு மடங்கு, தடிமனும் மூணு மடங்கு, ஆகமொத்தம் உடம்பு எடை 27 மடங்கு. சாப்பிடறதும் கழிவு போடறதும் மூச்சு விடறதும் அந்த உடம்புக்கு ஏத்த மாதிரிதான் ஏறும். ஒரு இஞ்சு மீனுக்கு ஒரு கேலன் தண்ணின்னு பழைய கணக்கு ஒண்ணு சுத்திட்டு இருக்கு, அது டெட்ரா மாதிரி பொடி மீனுக்கு ஓரளவு சரி, டிஸ்கஸ் மாதிரி உயரமான உடம்புள்ள மீனுக்கு அதை வெச்சு கணக்கு போட்டா ஆறு இஞ்சு மீனுக்கு ஆறு கேலன், 23 லிட்டர்னு வரும், அதுல ஒரு டிஸ்கஸ் இருக்கவே முடியாது. அதனால இன்னிக்கு இருக்கற அளவுக்கு எண்ணாதீங்க, வளந்து நிக்கப்போற அளவுக்கு எண்ணுங்க.

இன்னொண்ணு, டிஸ்கஸ் தண்ணி சூடா இருக்கணும், 28ல இருந்து 30 டிகிரி செல்சியஸ். இந்த சூடு எண்ணிக்கையை நேரா பாதிக்குது, அதைப் பத்தி பேசவே மாட்டேங்கறாங்க. தண்ணி சூடாக சூடாக அதுல கரையற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் கிட்ட கரையும், 30 டிகிரியில ஏழரைதான். அதே சூட்டுல மீனோட உடம்பு வேகமா வேலை செய்யும், அதுக்கு ஆக்சிஜன் இன்னும் நிறைய வேணும். இருப்பு குறையுது, செலவு ஏறுது. அதோட மீன் கழிவுல இருந்து வர்ற அமோனியாவும் சூடு அதிகமானா, பிஎச், அதாவது தண்ணியோட காரத்தன்மை, அதிகமானா, விஷமான வடிவத்துக்கு கூடுதலா மாறும். கோல்டு ஃபிஷ் வளத்தவங்க அந்த அனுபவத்தை வெச்சு, இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு மீன் தாங்கும்னு டிஸ்கஸுக்கு கணக்கு போட்டா தப்பாகறது இதனாலதான். கரண்ட் போச்சுன்னா இது இன்னும் நல்லா தெரியும், அளவா மீன் இருக்கற டேங்க் சில மணி நேரம் தாங்கும், நெருக்கி வெச்ச டேங்க்ல சீக்கிரமே எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பிச்சுடும். பேட்டரியில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம் வெச்சுக்கோங்க, அது எத்தனை மீன் வெச்சாலும் வேணும்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கற விஷயத்துக்கு வரேன். டேங்குக்கு வெளிய வைக்கற பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் போட்டிருக்கேன், அதனால இன்னும் நாலு மீன் போடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. ஃபில்டர் என்ன பண்ணும்? அதுல வளர்ற பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும், நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். புது டேங்க்ல அந்த பாக்டீரியா நிலைச்சு வளரவே நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், அது வரைக்கும் டிஸ்கஸ் விடவே கூடாது. சரி, நல்லா பழகின ஃபில்டர்னே வெச்சுப்போம், நைட்ரேட் எங்க போகும்? எங்கயும் போகாது, டேங்க்லயேதான் சேந்துட்டே இருக்கும். செடி கொஞ்சம் எடுத்துக்கும், மீதியை நாமதான் தண்ணி மாத்தி வெளிய எடுக்கணும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, யாரும் சொல்லித் தராத கணக்கு, பொறுமையா படிங்க. உங்க டேங்க்ல ஒரு வாரத்துக்கு நைட்ரேட் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஏறுதுன்னு வெச்சுக்கோங்க, டெஸ்ட் கிட் வெச்சு ரெண்டு நாள் பாத்தாலே உங்க டேங்க்ல எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். வாரத்துக்கு ஒரு தடவை பாதித் தண்ணி மாத்தறீங்க. முதல் வாரம் 10 வரும், பாதி எடுத்தா 5, அடுத்த வாரம் 15, பாதி எடுத்தா ஏழரை, அதுக்கடுத்த வாரம் பதினேழரை, இப்படியே போய் 20ல போய் நின்னுடும், அதுக்கு மேல ஏறாது. அதே மீன், அதே தீனி, ஆனா வாரம் கால்பங்குதான் மாத்தறீங்கன்னா அது 40ல போய்தான் நிக்கும். இப்ப மீனை ரெண்டு மடங்கு ஆக்குங்க, வாரத்துக்கு 20 ஏறும், பாதி மாத்தினாலும் 40. டிஸ்கஸுக்கு 20க்குக் கீழ வெச்சிருக்கறது நல்லதுன்னு சொல்லுவாங்க, நானும் அதையே சொல்லுவேன். அப்ப மீன் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா நீங்க மாத்தற தண்ணியும் ரெண்டு மடங்கு ஆகணும், இதுல எந்த ஃபில்டரும் உங்களுக்கு பதிலா வேலை செய்யாது.

அதனால எத்தனை மீன்ங்கற கேள்விக்கு பதில் டேங்க்ல பாதி இருக்கு, மீதி பாதி உங்க கையிலயும் உங்க வார அட்டவணையிலயும் இருக்கு. 270 லிட்டர்ல பாதின்னா 135 லிட்டர், 15 லிட்டர் பக்கெட்ல 9 பக்கெட் வெளிய, 9 பக்கெட் உள்ள. ட்யூப் போட்டு எடுத்தா சுலபம், ஆனா அந்த 135 லிட்டரும் குளோரின் எடுத்ததா இருக்கணும், டேங்க் தண்ணி சூட்டுக்கு ஒட்டி இருக்கணும். குளோரின் மட்டும்னா ஒரு நாள் ஏர் விட்டு வெச்சா போயிடும், குளோரினும் அமோனியாவும் சேந்த குளோரமின் கலந்த தண்ணின்னா அப்படி போகாது, அதை நீக்கற மருந்து ஊத்திதான் ஆகணும், உங்க தண்ணியில எதைக் கலக்கறாங்கன்னு விசாரிச்சுக்கோங்க. இந்த வேலையை வாரத்துல ரெண்டு தடவை செய்ய முடியறவங்க ஆறுக்கு பதிலா எட்டுகூட பெரிய டேங்க்ல வைக்கலாம். ஒரு தடவைதான் முடியும்னா ஆறோட நிறுத்திக்கோங்க. பத்து நாளைக்கு ஒரு தடவைதான் முடியும், மாசக்கணக்குல வெளியூர் போயிடுவேன்னா இந்த மீன் உங்களுக்கு இல்லை, இதை நான் கோவத்துல சொல்லல, மீனுக்காக சொல்றேன்.

குட்டி மீன் வாங்கறவங்களுக்கு இது இன்னும் கடுமை. ரெண்டு இஞ்சு மீனுக்கு நாளைக்கு நாலஞ்சு தடவை கொஞ்சம் கொஞ்சமா தீனி போடணும், மிச்சம் விழுந்ததை உறிஞ்சி எடுக்கணும், தண்ணியும் தினமும் இல்லன்னா ஒண்ணுவிட்டு ஒரு நாள் மாத்தணும், ஏன்னா இது வளர்ற வயசுல வளரலன்னா அப்புறம் எவ்வளவு போட்டாலும் பிடிக்காது. அப்படி குறுகிப்போன மீனைக் கண்டுபிடிக்கறது சுலபம், கண்ணைப் பாருங்க. உடம்பு நின்னுபோயும் கண்ணு மட்டும் வளந்திருக்கும், சின்ன உடம்புல பெரிய கண்ணு, உடம்பும் வட்டமா இல்லாம நீளவாக்குல இழுத்த மாதிரி இருக்கும். வாங்கும்போதும் இதைப் பாத்து வாங்குங்க. பகல் முழுக்க வேலைக்குப் போறவங்க நாலு இஞ்சு தாண்டின மீனா ஆறு வாங்கறதுதான் புத்திசாலித்தனம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை தீனி போட்டாலே போதும்.

ஆறையும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல, கிட்டத்தட்ட ஒரே அளவுல வாங்குங்க. இப்ப ரெண்டு, அடுத்த மாசம் ரெண்டு, அப்புறம் ரெண்டுன்னு சேக்கறது பாக்க நிதானமான வழி மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு தடவையும் வரிசை கலைஞ்சு புதுசா வந்ததை எல்லாம் சேந்து இடிக்கும், போதாக்குறைக்கு ஒரு இடத்து மீனுக்கு பழகிப்போன கிருமி இன்னொரு இடத்து மீனுக்கு புதுசு, ரெண்டு பக்கமும் படுத்துக்கும். பின்னால சேத்தே ஆகணும்னா தனி டேங்க்ல குறைஞ்சது நாலு வாரம் வெச்சு, நல்லா சாப்பிடுதா, செவுள் வேகமா அடிக்குதா, உடம்பை எதுலயாவது உரசுதான்னு பாத்துட்டு விடுங்க. ஒண்ணு மட்டும் தனியா சேக்காதீங்க, ரெண்டா சேருங்க.

சிலர் கேப்பாங்க, பண்ணையில ஒரே தொட்டியில அவ்வளவு மீனை நெருக்கி வெச்சிருக்காங்களே, அங்க சண்டையும் இல்லை, சாவும் இல்லையேன்னு. நெருக்கினா சண்டை குறையுங்கறது உண்மைதான், எதைத் துரத்தறதுன்னு தெரியாம போயிடும். ஆனா அங்க தண்ணி மாத்தறதுதான் தொழிலே, தினமும் பெரும்பகுதித் தண்ணியை எடுத்துட்டு புதுத் தண்ணி விடுவாங்க, சில இடத்துல நாளைக்கு ரெண்டு தடவை. அந்த மீனும் வித்துப்போற வரைக்கும்தான் அங்க இருக்கும். நம்ம வீட்டுல அது பத்து வருஷம் இருக்கணும், நல்லா பாத்துக்கிட்டா அவ்வளவு வருஷம் இருக்கற மீன் இது.

மேல் வரம்புக்கு ஒட்டி வைக்காம கொஞ்சம் மிச்சம் விடுங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதுதான் இந்த மீன்ல இருக்கற அழகே. ஆறு மீன் ஒண்ணா வளந்தா அதுல ரெண்டு என்னிக்காவது சேரும். எதிரெதிரா நின்னு தலையை வணங்கற மாதிரி சாச்சு எழும், ஃபில்டர் பைப்பையோ அகலமான இலையையோ வாயால சுத்தம் பண்ணும், செங்குத்தான இடத்துலதான் முட்டை ஒட்டும். ரெண்டரை நாள்ல பொரியும், இன்னும் ரெண்டு மூணு நாள் கழிச்சு குஞ்சு நீந்த ஆரம்பிச்சதும் நேரா அப்பா அம்மா உடம்புக்குப் போய் ஒட்டிக்கும். தோல்ல சுரக்கற சளிதான் அதுக்கு முதல் சாப்பாடு, அம்மா மட்டும் இல்லை, அப்பாவும் ஊட்டுவாரு, ஒருத்தர் களைச்சதும் உடம்பை ஒரு உதறு உதறி குஞ்சுங்களை மத்தவர் பக்கம் அனுப்பிடுவாரு. இதை நேர்ல பாத்தவங்க இந்த மீனை விடவே மாட்டாங்க. ஆனா அந்த சமயத்துல அந்த ஜோடி டேங்க்ல ஒரு பக்கத்தையே பிடிச்சுக்கும், மீதி நாலும் அடுத்த பக்கம் ஒதுங்கணும். நாலடி நீளம் இருந்தா ஒதுங்க இடம் இருக்கும். நீளம் கம்மியா உயரம் ஜாஸ்தியா இருக்கற டேங்க்ல லிட்டர் கணக்கு சரியா வந்தாலும் ஓடி ஒளிய இடம் இருக்காது, அதனால லிட்டரோட நீளத்தையும் பாருங்க.

கூட வைக்கற மத்த மீனையும் கணக்குல சேத்துக்கோங்க, அதுங்களும் அதே தண்ணியிலதான் மூச்சு விடுது. கார்டினல் டெட்ரா, ஸ்டெர்பாய் கோரி மாதிரி சூடு தாங்கற சின்ன மீன் கொஞ்சம் இருக்கலாம், அதுக்குன்னு தண்ணியில பங்கு ஒதுக்கிட்டு விடுங்க. ஏஞ்சல் மீன் சேக்காதீங்க, சாப்பாட்டுல முந்திக்கும், தனக்கு ஒண்ணும் ஆகாம ஒட்டுண்ணியையும் கொண்டு வரும். கண்ணாடியில வாயால ஒட்டிக்கற பிளெக்கோ மீன் வகையில சிலது ராத்திரியில டிஸ்கஸ் உடம்புல ஒட்டி அந்த சளியையே உறிஞ்சும், அதுவும் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன் படம் போடும்போது பக்கத்துல அது வளந்தா எவ்வளவு பெருசாகும், எத்தனை லிட்டர் தண்ணி வேணும், குறைஞ்சது எத்தனை மீன் சேந்து இருக்கணும், இந்த மூணையும் ஒரு வரியா போட்டுடுங்க. உங்க பேப்பரைப் பாத்துட்டு மீன் வாங்கப் போற குடும்பம் நிறைய இருக்கு, குழந்தைங்க ஆசைப்பட்டு கேக்கும், அந்த ஒரு வரி இருந்தா அப்பா அம்மா டேங்கை அளந்து பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க.

ஏற்கனவே சின்ன டேங்க்ல ரெண்டு டிஸ்கஸ் வெச்சிருக்கறவங்க இதைப் படிச்சுட்டு அவசரப்பட்டு அதே டேங்க்ல இன்னும் நாலை வாங்கி விட்டுடாதீங்க, அது இருக்கறதையும் சேத்து கொன்னுடும். இப்போதைக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒரு கட்டையோ பெரிய செடியோ வெச்சு ஒண்ணை ஒண்ணு பாக்காத மாதிரி பண்ணுங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியா தீனி போடுங்க, தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு மாத்துங்க, இது கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள பெரிய டேங்க் வாங்க முடியுமான்னு பாருங்க. முடியாதுன்னா கூட்டமா டிஸ்கஸ் வெச்சிருக்கற யாரையாவது தேடிப்பிடிச்சு ரெண்டையும் கொடுத்துடுங்க, தனியா வெச்சுப் பாத்துட்டு அந்தக் கூட்டத்துல சேத்துக்குவாங்க. உங்க ரெண்டடி டேங்கை வீணாக்க வேண்டாம், ஹீட்டரை 26க்கு இறக்கிட்டு எம்பர் டெட்ரா மாதிரி பொடி மீன் பத்து, கூட செடி, கொஞ்சம் செர்ரி ஷ்ரிம்ப் விட்டா அந்த 45 லிட்டர் அதுங்களுக்கு தாராளம்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் ஒரு வாசகர்